டோர் லாக்

மயிலாடுதுறை
ஞாயிறு காலை

தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கூடவே "பார்டர்தான்ப்பா, ஒண்ணும் இல்ல" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா என்றாள் உன் அம்மா. இதோடு ஒரு பொருளும் வருகிறது, அதை போட்டோவில் அனுப்ப முடியாது.

வெறும் வயிற்றில் 112. ஹெச்பிஏ1சி 6.2. உனக்கு வயது 34. எனக்கு 49-ல் வந்தது, உன் அப்பாயிக்கு அறுபதுக்கு மேல்தான் வந்தது. நம் வீட்டில் இது ஒவ்வொரு தலைமுறைக்கும் பத்துப் பதினைந்து வருஷம் முந்திக்கொண்டு வருகிறது.

முப்பது வருஷம் தெருத்தெருவாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்தவன் நான். ரெண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். வீடு பூட்டியிருந்தால் டோர் லாக் என்று குறித்துக்கொண்டு, போன தடவை வந்த தொகையையே இந்தத் தடவைக்கும் போட்டுவிடுவோம். நாலைந்து தடவை பூட்டியே கிடந்த வீட்டை ஒருநாள் திறந்து பார்த்தால் சில சமயம் தூக்கிவாரிப் போடும். உள்ளே ஏதோ ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். 2009-ல் எனக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். அதிலிருந்து 2014 வரை என் உடம்புக்கு நானே டோர் லாக் போட்டுக்கொண்டு திரிந்தேன். மாத்திரை போடுகிறோம், மிச்சத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நினைப்பு. அவர் மேலும் குறை சொல்ல மாட்டேன். வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, எனக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம். "அரிசியைக் குறைங்க, நடங்க" என்பார். எவ்வளவு குறைக்க வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அஞ்சாவது வருஷம் ஹெச்பிஏ1சி 9.1.

அந்த எண் என்ன என்பதே அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒட்டிக்கொண்டே வரும். அந்த ஒட்டலைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. முந்தின நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. 5.7-க்குக் கீழே என்றால் நிம்மதி. 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோய் என்று எழுதுவார்கள். நீ நடுவில் நிற்கிறாய். நம் இபி பில்லில் 500 யூனிட்டைத் தாண்டி ஒரு யூனிட் ஓடினாலும் கணக்கே மாறிவிடும், தெரியும்தானே. உடம்பில் அப்படி ஸ்லாப் கிடையாது. 6.4-க்கும் 6.5-க்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. டாக்டர்கள் வசதிக்குக் கிழித்த கோடு அது. பார்டர் என்று உட்கார்ந்து இளைப்பாற ஒரு இடம் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே.

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளிவந்தது. மருமகள்தான் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். உன்னைப் போலவே நடுவில் நின்ற 531 பேர். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் தேர்ந்தெடுத்தவர்கள். வழக்கம்போலவே இருந்தவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம்தான். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பலன். சாப்பாட்டை மாற்றினால் வரவே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, அதையும் சேர்த்தே படித்துக்கொள். ஆனால் மாத்திரை செய்யும் வேலையை உன் தட்டும் காலும் செய்யும் என்றால், இந்த வயதில் அது சின்ன விஷயமா?

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். 2014-ல், விரலைக் குத்தி வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்றும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கினேன். இடது பக்கம் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு. வலது பக்கம் ரெண்டு மணி நேரம் கழித்து வந்த ரீடிங். ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப் ஒன்று இருபது ரூபாய்க்கு மேல் என்பதால் கண்டபடி குத்திக்கொள்ள முடியாது. ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அதையே ரெண்டு மூன்று தடவை பார்ப்பேன்.

நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: 212. ரெண்டு இட்லியும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும்: 158. கேழ்வரகு உடம்புக்கு நல்லது என்று உன் அம்மா ஒரு மாதமாகக் காய்ச்சிக் கொடுத்த கஞ்சி: 236. எனக்கு நம்பிக்கை வரவில்லை, மறுநாளும் பார்த்தேன், 229. மாவாக அரைத்து, தண்ணியாகக் காய்ச்சி, ஒரே மூச்சில் குடித்தால் எந்தத் தானியமும் ரத்தத்தில் சீக்கிரம் கலந்துவிடும் என்பது அப்புறம் படித்ததில் புரிந்தது. அதே கேழ்வரகை அடையாகத் தட்டி, முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு, கொஞ்சமாகச் சாப்பிட்டபோது 170-ஐத் தாண்டவில்லை. இந்த எண்களெல்லாம் என் உடம்புக்கு வந்தவை. உனக்கு வேறு வரும். என் நோட்டைப் பார்த்து நீ சாப்பிட்டால், அடுத்த வீட்டு மீட்டரைப் பார்த்து உன் பில்லைக் கட்டுவது போல.

ஒரு தடவை மாம்பழத்தை நறுக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே விரலைக் குத்தினேன். 268! பதறிப்போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்தினால் 131. விரலில் இருந்த பழச்சாற்றைத்தான் மெஷின் அளந்திருக்கிறது. கை கழுவாமல் பார்க்காதே.

பெரிய சண்டை சோற்றில்தான் நடந்தது. நம் வீட்டில் மதியத்துக்கு ரெண்டு பேருக்கும் ஒரு உழக்கு அரிசி. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை இலையில் விழும். காவிரிப் பக்கத்தில் பிறந்துவிட்டு சோற்றைக் குறை என்றால் எவன் கேட்பான்? ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாள் முழுக்கக் கிடைக்கும் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. எங்கள் இலையில் அப்போது முக்கால்வாசி சோறுதான். முதலில் ரசம் சோற்றை நிறுத்தினேன். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிடுவேன், ருசி ஒன்றும் குறையவில்லை. அப்புறம் பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, கடைசியில் சோற்றுக்கு வருவது என்று வைத்துக்கொண்டேன். வயிறு பாதி நிறைந்த பிறகு வரும் சோற்றுக்கு மவுசு குறைவு. சாப்பிட்ட கையோடு மாடியில் கால் மணி நேரம் நடை. இப்போது ரெண்டு பேருக்கும் ஒரு ஆழாக்குதான் வேகிறது. "விருந்தாளி வந்தா என்ன நினைப்பாங்க" என்று உன் அம்மா ஒரு வருஷம் புலம்பினாள். இப்போது அவளுக்கும் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அப்போது மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று ரெண்டு சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். சோற்றைப் பாதியாகக் குறைத்தேன், டாக்டரிடம் சொல்லவில்லை. தானாகக் குறைத்துக் காட்டி அவரை அசத்த வேண்டும் என்று ஒரு வீம்பு. ஒருநாள் பதினொன்றரை மணி இருக்கும், ஒரு வீட்டு மீட்டர் முன்னால் நிற்கிறேன். எண்கள் நெளிகின்றன. சட்டை முழுக்க வியர்வை, கை நடுங்குகிறது. எதையோ பார்த்து வெள்ளை அட்டையில் எதையோ எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டு ஆச்சி அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், ரெண்டே ரெண்டு பல்பு எரியுது, ரெண்டாயிரம் யூனிட்டா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பேரனுக்கும் இப்படி வருமாம். ஒரு வார்த்தை கேட்காமல் நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணியில் கண் தெளிந்தது.

டாக்டர் நன்றாகத் திட்டினார். அந்தக் கிளிமிபிரைடு மாத்திரை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்குமாம். சாப்பாடு குறைந்தால் மாத்திரையும் குறைய வேண்டும், அதை அவர்தான் குறைக்க வேண்டும். நோட்டை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்தவர் முதல்முறையாக மூன்று நிமிஷத்துக்கு மேல் என்னிடம் பேசினார். கிளிமிபிரைடைப் படிப்படியாக நிறுத்தினார். இப்போது மெட்ஃபார்மின் மட்டும், போன மாதம் 6.8. உனக்கு இன்னும் மாத்திரை இல்லை என்பதால் இந்த ஆபத்து இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒருவரிடம் காட்டு, நோட்டோடு போ.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் வேறு மாதிரி படித்தார். வீடியோ பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்தில் இறங்கினார். எட்டு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண். அப்பாயிக்குக் கட்டைவிரலை எடுத்தது உனக்கு நினைவிருக்கும், அதே கதைதான். அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: "நிரந்தரக் குணம்" என்று மேலே எழுதி, ஆர்டர் செய்யக் கீழே போன் நம்பர் இருந்தால் படிக்காமலே அழித்துவிடுவேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நைட் ஷிஃப்டில் ரெண்டு மணிக்குப் பிரியாணி வரவழைக்கிறாய் என்று மருமகள் சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. தூக்கம் கெட்டாலே சர்க்கரை ஏறும், அதன் மேல் அந்த நேரத்தில் சோறு. சுண்டல், வேகவைத்த முட்டை, வறுத்த வேர்க்கடலை என்று டப்பாவில் எடுத்துப் போகலாம். "மல்டிகிரெய்ன்" பிஸ்கட் என்று ஒன்று போன தடவை வாங்கி வந்தாயே, அதன் பின்பக்கத்தைப் படித்தாயா? எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. அதில் முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை. தானியங்கள் வாலில் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்புறம், இடுப்பை அளந்து பார். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தீபாவளிக்குப் பேன்ட் எடுத்தபோது 36 என்றாய், அதுவே 91 ஆகிறது. அதிலும் நீ பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறவன். தையல் டேப்பை வயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பார், மூச்சை இழுத்துப் பிடிக்காமல்.

பார்சலில் புது மெஷினும் ஐம்பது ஸ்ட்ரிப்பும் இருக்கின்றன. ஸ்ட்ரிப் டப்பியைத் திறந்தால் உடனே மூடிவிடு, காற்றுப்பட்டால் ரீடிங் கெட்டுவிடும். ஒரு புது நோட்டும் வைத்திருக்கிறேன். உன் அம்மா முறுக்கு வைக்கிறேன் என்றாள், நான் தடுக்கவில்லை, பன்னிரண்டுதான் என்று எண்ணி வைத்தாள். நான் பார்க்காத நேரத்தில் இன்னும் நாலு போட்டாள் என்று நினைக்கிறேன். நீ எத்தனை சாப்பிட்டாய், ரெண்டு மணி நேரம் கழித்து என்ன வந்தது என்று நோட்டில் எழுது. எனக்குக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா