'டெம்பிள் தீம்' போடும் இன்டீரியர் டிசைனர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வடிவமைப்பாளர்களே,

வணக்கம். நான் கட்டடக்கலை படித்தவள் இல்லை. போன வருடம் ஃப்ளாட் வாங்கி, உள்வேலையை உங்களில் ஒருவரிடம் ஒப்படைத்தவள். கொட்டேஷனில் 'டெம்பிள் தீம் பூஜை யூனிட்' என்று ஒரு வரி இருந்தது. சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வந்து நின்றவை இரண்டு ஃபைபர் தூண்கள். அடியில் யாளி, தலையில் போதிகை, அதாவது தூணுக்கும் மேலே வரும் உத்தரத்துக்கும் நடுவே வைக்கிற தாங்கி. போதிகைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். தூசி துடைக்கப் போனால் தூண் ஆடுகிறது.

போதிகை எதற்கு என்று அப்புறம்தான் விசாரித்தேன். கல் எவ்வளவு பாரத்தையும் அழுந்தித் தாங்கும். வளையச் சொன்னால் உடைந்துவிடும். உத்தரக் கல் நீளமாக இருந்தால் நடுவில் விரிசல் விழும். அதனால்தான் தூண்களை நெருக்கி நிறுத்தினார்கள். தூணின் தலையிலிருந்து இரு பக்கமும் கை நீட்டுவதுபோல் போதிகையை வைத்து, உத்தரம் தாண்டவேண்டிய தூரத்தையும் குறைத்தார்கள். சோழர் காலத்தில் வெறுமனே சாய்த்து வெட்டிய போதிகை, பின்னால் விஜயநகர, நாயக்கர் காலங்களில் பூமுனை தொங்குகிற போதிகை ஆனது. அழகு கூடியது, பார்க்கிற வேலை அதேதான். என் வீட்டுப் போதிகைக்கு வேலையே இல்லை. பாவம், அது என்ன செய்யும்?

அடுத்தது 'ஜாலி', அதாவது துளைகள் வெட்டிய தடுப்பு. எம்டிஎஃப் பலகையில் சிஎன்சி மெஷினால் தாமரை வெட்டி, சுவரோடு ஒட்டி, பின்னால் எல்இடி ஓட்டியிருக்கிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவலஞ்சுழி இருக்கிறது. 'ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி நீங்கலாக' மற்ற எதையும் செய்து தருகிறோம் என்று அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். கொடுங்கை என்பது கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கல், பலகணி என்பது துளை போட்ட கல் ஜன்னல். கதையோ நிஜமோ, அந்தக் கல் பலகணிக்கு முன் நின்றால் நம்பத்தான் தோன்றும். கல்லில் துளைத்த பலகணி வழியே வெயில் அப்படியே உள்ளே பாயாது. துளைகளின் பக்கங்களில் பட்டு, சூடு ஆறி வரும். காற்றுக்கோ தடையில்லை. என் ஹாலின் மேற்கு ஜன்னலில் மூன்று மணிக்கு மேல் உட்கார முடியாத வெயில். ஜாலி அங்கேயல்லவா வந்திருக்க வேண்டும்! அங்கே தொங்குவது பிளைண்ட்ஸ்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் கண் கூசும் வெயில். படியேறி மண்டபத்துக்குள் போனால் நிழல். உள்ளே போகப் போக இருட்டு கூடிக்கொண்டே வரும். கண் பழகும்போது விளக்கொளியில் லிங்கம் தெரியும். பூஜை அறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். எனக்குக் கிடைத்தது பதினான்கு ஸ்பாட் லைட். என் மாமியார் தினமும் விளக்கேற்றுவதற்கு முன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார். இல்லாவிட்டால் சுடர் எரிகிறதா என்றே தெரியவில்லையாம்.

பத்தடிக்குப் பதினோரு அடி அறையில் பிராகாரம் கேட்கவில்லை. கால் நிதானிக்க ஒரு வாசற்படி, பக்கத்து அறையைவிட மங்கலான ஒரு மூலை, விக்கிரகம் வைக்கச் சுவருக்குள்ளேயே ஒரு மாடம் போதும். கோயில் சுவரில் சாமி சிலை நிற்கிற கோஷ்டமும் அப்படிப்பட்டதுதானே. இதற்கெல்லாம் ஆகிற செலவு, அந்தத் தூண்களுக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு என்று எங்கள் கொத்தனார் கணக்குப் போட்டுக் காட்டினார்.

வாசற்படியில் குழந்தை இடறும், விற்கும்போது சிக்கல் என்பீர்கள். முதலில் கேட்டுப் பாருங்கள், நாங்கள் பதில் சொல்கிறோம். கேடலாக்கைத் திருப்பி, "இதா, அதா?" என்று மட்டும்தான் என்னிடம் கேட்டார்கள்.

தூண்கள் இப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கின்றன. வேண்டுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். துணைக்கு ஆள் வேண்டாம், ஒரு கையாலேயே தூக்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு ஃப்ளாட்காரி