செயலாளரின் ஆண்டறிக்கை: கிராமக் கூட்டுறவு வங்கிகள் பற்றிய ஆய்வும் நமது சந்தா பாக்கியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த் வட்டாரத்தில் இயங்கிவரும் நமது நலச் சங்கத்தின் கடந்த ஓராண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் அமைத்தோம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் புத்தகப் பைகள் வழங்கப்பட்டன. இரத்ததான முகாமும் தீபாவளி அன்பளிப்பும் குறைவின்றி நடந்தேறின. மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சகாய நிதி உரிய நேரத்தில் சேர்க்கப்பட்டது.

இவ்வாண்டுப் பணிகளில் முதன்மையானதாக நான் கருதுவது, மாதந்தோறும் நடத்திய கூட்டுறவு ஆய்வு வட்டத்தையே. வட்டி முதலைகளிடம் சிக்கிய சில குடும்பங்களின் நிலையைக் கண்டு, சேமிப்பைத் திரட்டி உறுப்பினருக்குக் கடன் கொடுக்க, நமக்கென ஒரு சிக்கன நாணயக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கவேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் பலரும் பேசினீர்கள். நலச் சங்கமாகப் பதிவு பெற்ற நாம் கடன் கொடுக்க முடியாது. அதற்கு 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ்த் தனியே பதிவு பெற்று, மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையத்தின் மேற்பார்வைக்கு உட்படவேண்டும். அதில் இறங்குவதற்கு முன், நம்மில் பலருக்கு இன்னும் உறவும் நிலமும் இருக்கிற தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் கூட்டுறவு வங்கிகள் எங்கே தழைத்தன, எங்கே நொடித்தன என்று படித்தறிவது நல்லது என எண்ணினேன். செயலவையும் அதற்கு இசைந்தது.

அங்கு இவ்வியக்கம் 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு தொடங்கியது. அதற்கு முன்பே சென்னை மாகாண அரசின் பணிப்பில் நில வங்கிகளை ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் கிராமக் கூட்டுறவு முன்னோடியான ரைஃபைசன் நடத்திக்காட்டிய முறையையே அங்கும் பின்பற்றவேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். ஒருவரையொருவர் அறிந்த ஊரார் தம் சேமிப்பைத் திரட்டித் தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வதும், ஒருவர் தவறினால் மற்றவர் கேட்பதும் அம்முறையின் உயிர். இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4,450 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உள்ளன. அவற்றுக்கு மேலே மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும், அவற்றுக்கும் மேலே சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியும், இவ்வங்கிகளுக்குக் கடன்நிதி (மறுநிதி) வழங்க 1982இல் உருவான, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியாகிய நபார்டும் இருக்கின்றன. பணம் மேலிருந்து கீழே வருவதே வழக்கமாகிவிட்டதால், ஊரார் சேமிப்பு என்ற அடித்தளம் பல இடங்களில் மெலிந்துவிட்டது.

ஆய்வு வட்டத்தில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பழைய கணக்குப் புத்தகம். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் தம் தம்பியின் பயிர்க்கடன் புத்தகத்தை நம் உறுப்பினரான அம்மையார் ஒருவர், ஊருக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்து காட்டினார். ஆண்டுதோறும் தவணை நாளுக்குச் சற்று முன்பாகக் கடன் முழுவதும் அடைக்கப்பட்டிருந்தது. ஓரிரு நாளில் அதே தொகை மறுபடி புதுக்கடனாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அதே தொகை, அதே முத்திரை. அடைத்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். ஊரில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் அந்த இரண்டு நாளைக்குக் கைமாற்றாக வாங்கியது என்றும், புதுக்கடன் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதையும் அதற்கான வட்டியையும் கொடுத்துவிடுவார் என்றும் அம்மையார் சொன்னார். தவணை தவறாதவருக்கு வட்டியில்லை என்பது தமிழ்நாட்டுப் பயிர்க்கடனின் சலுகை. அச்சலுகையைக் காத்துக்கொள்ளவே அவர் வெளியில் வட்டி கட்டினார். சங்கத்தின் ஏட்டில் அவர் நாணயமான கடனாளி. சங்கத்திற்கும் நூற்றுக்கு நூறு வசூல். அவருடைய கடனோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்படிப்பட்ட ஏட்டை வைத்துக்கொண்டு எந்த மேலதிகாரியும் ஒரு சங்கத்தின் உடல்நிலையை அறிய முடியாது.

கடன் தள்ளுபடியைப் பற்றி வட்டத்தில் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. 2021இல் தமிழ்நாடு அரசு 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. புயலும் பருவம் தப்பிய மழையும் நோய்த்தொற்றும் அடுத்தடுத்து வந்த நேரம் அது. விவசாயிக்கு உதவி தேவைப்பட்டது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வயிற்றைக் கட்டி முன்கூட்டியே கடனை அடைத்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை; குத்தகைக்கு உழுது, தம் பெயரில் நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் இல்லாததால் கூட்டுறவில் கடனே பெற முடியாதவருக்கும் ஒன்றுமில்லை. அடுத்த தேர்தல் வரை பொறுத்தால் போதும் என்ற எண்ணம் நல்ல கடனாளியின் மனத்திலும் புகுந்துவிடுகிறது. துயர்நீக்கத் தொகையை விவசாயியின் கையில் நேராகக் கொடுத்துவிட்டு, கடன் ஏட்டைத் தொடாமல் விடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. பயிர்க் காப்பீட்டு இழப்பீடு காலத்தில் வந்து சேர்ந்தால் தள்ளுபடிக்கான கூக்குரலும் பெருமளவு அடங்கும்.

நிர்வாகக் கோளாறு இதைவிட ஆழமானது. கிராமக் கூட்டுறவுக் கடன் அமைப்பைச் சீரமைக்க இந்திய அரசு 2004இல் அமைத்த வைத்தியநாதன் குழு, மாநில அரசே பங்குதாரராகவும் மேலாளராகவும் மேற்பார்வையாளராகவும் தணிக்கையாளராகவும் இருப்பதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டியது. தேர்தல் நடத்தாமல் அரசு அமர்த்தும் தனி அலுவலரிடம் சங்கத்தை ஒப்படைக்கும் வழக்கம் கட்சி பேதமின்றித் தொடர்ந்துவருகிறது. சேமிப்பு வைப்பவருக்கும் முழு வாக்குரிமை வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. கடன் வாங்குபவர் மட்டுமே வாக்களிக்கும் இடத்தில் வட்டியைக் குறைப்பதும் வசூலைத் தள்ளிப்போடுவதுமே தீர்மானமாகும். பணம் போட்டவருக்கும் குரல் இருந்தால்தான் வசூலைப் பற்றிக் கேள்வி எழும். மத்தியக் கூட்டுறவு வங்கிகளில் உள்ள வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. கிராமத்துத் தொடக்கச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே அங்குத் தணிக்கை காலந்தவறுவது ஏழையின் சேமிப்போடு விளையாடுவதாகும். நாடெங்கும் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க இந்திய அரசு 2022இல் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது நல்ல செய்திதான். ஆயினும் பொய்யான வசூலைக் கணினியில் ஏற்றினாலும் அது பொய்யான வசூல்தான். நிலுவைப் பட்டியலை உறுப்பினர் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் திரும்பவேண்டும்.

நம் நாட்டுப் பாடங்களையும் விடவில்லை. 1986இல் 24 வைப்புத்தொகைக் கூட்டுறவு நிறுவனங்கள் முடக்கப்பட்டபோது பட்ட வேதனை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே நாட்டில், 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தைக்கொண்டு கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கியது. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் போய்விடும் என்று அஞ்சிய மக்கள், வாங்கிய சம்பளத்தில் முதலில் சங்கப் பணத்தை எடுத்துவைத்தார்கள்.

இத்தகைய ஆய்வுக்கு முதல் கூட்டத்தில் சமூகக் கூடம் நிறைந்திருந்தது. ஆறாவது மாதத்திற்குள் முன்வரிசைகூட நிறையவில்லை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கைகூப்பும் படங்களை அனுப்பியவர்கள் கூட்டத்திற்கு வரவில்லை. கோரம் (குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை) இல்லாமல் இருமுறை செயலவைக் கூட்டத்தையே ஒத்திவைத்தோம். கூட்டுறவு வேண்டும் என்று மிக உரக்கப் பேசியவர்களில் சிலர் ஒருமுறைகூட வட்டத்திற்கு வராதது எனக்கு மிகுந்த மனவருத்தம் அளித்தது என்பதை இங்குப் பதிவு செய்கிறேன்.

சந்தா நிலைமை அதனினும் கவலைக்குரியது. மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) என்பது பெருந்தொகை அன்று. இருந்தும் உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டாண்டுக்கும் மேலாகச் செலுத்தவில்லை. நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினோம். வீடு தேடியும் சென்றோம். இந்நிலையில் பழைய பாக்கியை முழுவதுமாகத் தள்ளுபடி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று இன்று ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. நல்லெண்ணத்தில் கொண்டுவரப்படுவதே ஆயினும் அதை நான் ஏற்க இயலாது. ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டு மாதம் தவறாமல் கட்டிவரும் தாய்மார்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? ஐந்து வெள்ளியை வசூலிக்கத் தயங்கும் சங்கம், நாளை ஐயாயிரம் வெள்ளிக் கடனை எப்படி வசூலிக்கும்? உண்மையிலேயே இயலாதவர்களுக்குச் சகாய நிதியிலிருந்து சந்தாவைச் செலுத்தி முறையாக ரசீது போடலாம். மற்றவர்களுக்குத் தவணை தரலாம். பேரேட்டில் கோடு கிழிப்பது மட்டும் வேண்டாம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். பொதுவாக வரவுக்குள் செலவு அடங்கியுள்ளது. சிறு கையிருப்பு உண்டு. பந்தல் தொடர்பான சில ரசீதுகள் மட்டும் இன்னும் வந்து சேரவேண்டும். ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு 60 நாள்களுக்குள் சமர்ப்பிக்கவேண்டியிருப்பதால் அவற்றை விரைந்து தந்துதவக் கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர், பொருளாளர், கணக்காய்வாளர்கள், சமூகக் கூடப் பொறுப்பாளர்கள், நன்கொடையாளர்கள், மகளிர் பிரிவினர் அனைவருக்கும் என் நன்றி.

வரும் ஆண்டில் ஆய்வு வட்டத்தின் குறிப்புகளைச் சிறு கையேடாக அச்சிட்டு, கூட்டுறவுக்கான முன்மொழிவையும் ஆணையத்திடம் கொண்டுசெல்ல விரும்புகிறேன். செயலாளர் பொறுப்புக்கு என் பெயரை மீண்டும் முன்மொழியப்போவதாகச் சிலர் அன்போடு தெரிவித்தார்கள். இப்பணியைப் பாதியில் விட எனக்கு மனமில்லை; உடன் உழைக்க ஒரு துணைச் செயலாளரும், ஆய்வைத் தொடர வட்டத்திற்குத் தவறாது வரும் பத்துப் பேரும் முன்வந்தால் பொறுப்பை ஏற்க ஆயத்தமாக உள்ளேன். பொருளாளரின் மேசை மதிய உணவு வரை திறந்திருக்கும். பாக்கி உள்ளவர்கள் ஒரு பகுதியையாவது இன்றே செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். தள்ளுபடித் தீர்மானம் உணவுக்குப் பிறகு வாக்கெடுப்புக்கு விடப்படும். இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டம் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று பணிவுடன் முன்மொழிகிறேன்.

செயலாளர்