நாகசாகியிலிருந்து பாட்டாவுக்கு

நாகசாகி,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாட்டாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் இங்கே நலம். அம்மை, அண்ணன், மைனி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை, மீதியை அம்மை சுருக்கிச் சொல்லி முடித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். மைனி அவசரப்படாமல் வாசித்துக் காட்டட்டும்.

முதலில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குளிர் உண்டு, ஆனால் நாம் பயந்த அளவுக்கு இல்லை. பனி எப்போதாவது பெய்யும், மறுநாளே கரைந்துவிடும். ஊர் முழுக்க மலையும் படிக்கட்டும்தான். வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் முழங்கால் பேசும். சோறுதான் சாப்பாடு. சாளையும் அயலையும் கடையில் கிடைக்கிறது. மரச்சீனிக்குத்தான் வழியில்லை. மைனி கொடுத்துவிட்ட குடம்புளி இன்னும் தீரவில்லை. கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிற பாறசாலைப் பையன் ஒருவன் ஞாயிறு பூசைக்கு வருவான். அவன் மலையாளத்தில் பேசுவான், நான் நம் தமிழில் பேசுவேன், இருவருக்கும் எல்லாம் புரியும். பேசி முடித்த பிறகு அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும்.

வேலை முதியோர் இல்லத்தில். எழுப்பி உட்காரவைப்பது, உடுப்பு மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு டீயில்கூட ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கிறோம். தண்ணீராகக் கொடுத்தால் புரையேறி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். சம்பளத்தில் வரி, இன்சூரன்ஸ், பென்ஷன், ரூம் வாடகை எல்லாம் பிடித்தது போக மிஞ்சுவதை அம்மையின் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். சொசைட்டிக் கடனில் முதலில் வட்டியை அடைக்கச் சொல்லுங்கள்.

சரி பாட்டா, நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு காரியத்துக்காக. கிறிஸ்துமஸ் அன்று போனில், வெளிநாடுகளில் கிறிஸ்தவர்களை மிரட்டி மதம் மாற்றுகிற செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். “உயிருக்குப் பயந்து மறுதலித்தவன் பதர். நம்ம தேவசகாயம் பிள்ளை மறுதலித்தாரா?” என்று நம் ஊர் மறைசாட்சியைக் காட்டிக் கேட்டீர்கள். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் உபதேசியாராக இருந்தவரிடம் இதைப் போனில் வாதாட முடியாது. இங்கே நான் பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பொறுப்பில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். மகன் பெயரே மறந்துவிட்டது. நீ எந்த ஊர் என்று என்னை தினமும் புதிதாகக் கேட்பார். இரவு விளக்கணைத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டதும், போர்வைக்குள் அவருடைய வலது கை அசையும். பெருவிரலால் நெஞ்சின்மேல் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். பிறகு உதடு மட்டும் ஆடும். குனிந்து காதை வைத்தால், மூச்சோடு மூச்சாக ஒரு முணுமுணுப்பு, நடுவில் ‘மரியா’ என்பது மட்டும் எனக்குப் பிடிபடும். அவர் சொதோமே என்கிற கடலோரப் பகுதிக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள். சத்தம் வெளியே போகாமல் செபிப்பது அவர் தன் பாட்டியிடம் கற்றது.

இந்த விசுவாசத்தை இங்கே விதைத்தவர் யார் தெரியுமா? நம் கோட்டாறு சவேரியார்தான். 1544-ல் நம் கடற்கரையோரமாக நடந்து ஞானஸ்நானம் கொடுத்த அதே மனிதர், 1549 ஆகஸ்ட் 15-ல் ககோஷிமாவில் கப்பலிறங்கினார். அடுத்த வருஷமே நாகசாகிப் பக்கம் ஹிராதோவுக்கு வந்தார். அப்புறம் ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை, கியோத்தோவில் பிடித்தவர்களைக் காதை அறுத்து, கடும் குளிரில் நாகசாகிவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். வழியில் சேர்ந்துகொண்டவர்களோடு 26 பேரை 1597 பிப்ரவரி 5 அன்று நிஷிசாகா குன்றில் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்தினார்கள். ஒருவன் 12 வயதுப் பையன். ஒருவர் மும்பைக்கு வடக்கே வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. இந்த மாதம் அந்தக் குன்றில் பூசைக்குப் போயிருந்தேன். 26 பேரையும் வெண்கலத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நம் நாட்டுக்காரர் ஒருவரும் அதில் நிற்கிறார் என்று நினைத்ததும் நெஞ்சு விம்மிவிட்டது.

1614-ல் நாடு முழுக்கத் தடை. கடைசியாக மிஞ்சிய குருவும் 1644-ல் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் இந்த நாட்டு விசுவாசிகளுக்குக் குரு இல்லை, பூசை இல்லை, நற்கருணை இல்லை. இருந்தவர்கள் மீனவர்களும் விவசாயிகளும்தான். ஊரில் ஒருவர் திருநாள் கணக்கு வைத்துக்கொண்டார். ஒருவர் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினார். இன்னொருவர் வீடு வீடாகப் போய், இன்ன நாள் நோன்பு, இன்ன நாள் திருநாள் என்று காதோடு சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் உங்களைப் போல உபதேசியார்கள்தான் பாட்டா. பஸ்தியான் என்று ஒரு உபதேசியாரைப் பற்றிச் சொதோமேக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஏழு தலைமுறை கழித்துப் பெரிய கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற குருமார் வருவார்கள் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனாராம்.

இனிச் சொல்லப்போவதுதான் உங்களுக்குக் கசக்கும். நாகசாகியில் ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, இயேசுவின் உருவத்தையோ மாதாவின் உருவத்தையோ தரையில் வைத்து மிதிக்கச் சொல்வார்கள். கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து அதன் காலைப் படவைப்பார்கள். நோயாளி என்றால் படுக்கைக்கே கொண்டுபோய்ப் பாதத்தில் அழுத்துவார்கள். மறுத்தால் சித்திரவதை, குடும்பத்தோடு சாவு. அதனால் மிதித்தார்கள். ஒளிந்து வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவடைத்து, உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். மறுவருஷம் மறுபடியும் அதே. இப்படி 1850-கள் வரைக்கும்.

அப்படி மிதிக்கவைத்த பித்தளைத் தகடு ஒன்றின் நகலை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். அசல்கள் தோக்கியோவில் இருக்கின்றன. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மாதாவின் மடியில் கிடத்திய ஆண்டவரின் உருவம். முகத்தில் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. அந்தக் கால்களில் எங்கள் சொதோமேப் பாட்டியின் முன்னோர் காலும் இருந்திருக்கும். அவர்கள் பதர் என்றால், இந்தப் பாட்டி போர்வைக்குள் போடுகிற சிலுவை எங்கிருந்து வந்தது?

1865 மார்ச் 17 அன்று, வெளிநாட்டாருக்காகப் புதிதாகக் கட்டியிருந்த ஓவுரா கோவிலுக்கு உராகாமி கிராமத்தார் பதினைந்து பேர் அளவில் வந்தார்கள். பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குரு செபித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவர் பக்கத்தில் வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். கப்பலில் குரு வந்தார், பாட்டா. அவரை எதிர்கொண்டு வந்தவர்கள் மிதித்தவர்களும் மிதித்தவர்களின் பிள்ளைகளும்.

உபத்திரவம் அதோடு முடிந்துவிடவில்லை. 1867-ல் உராகாமிக்காரர்களை மறுபடி பிடித்தார்கள். 3,000 பேருக்கு மேல் நாடு கடத்துவது போலப் பல ஊர்களுக்குச் சிதறடித்தார்கள். த்சுவானோ என்ற மலையூரில் குனிந்து உட்காரத்தான் முடியும் என்கிற மூன்றடிக் கூண்டில் ஆளை அடைத்துப் பனியில் போட்டார்கள். 600 பேருக்கு மேல் செத்தார்கள். தாங்க முடியாமல் மறுதலித்தவர்களும் நிறைய. 1873-ல் தடை நீங்கித் திரும்பி வந்தார்கள். வந்ததும் செய்தது என்ன தெரியுமா? வருஷா வருஷம் தாங்கள் மிதிக்கவைக்கப்பட்ட ஊர்த்தலைவர் வீட்டு மனையையே பணம் சேர்த்து வாங்கி, அங்கேயே கோவில் கட்டினார்கள். மிதித்தவனும் மிதிக்காதவனும் ஒரே கோவிலில் முழந்தாளிட்டான். 1945 ஆகஸ்ட் 9-ல் அணுகுண்டு வெடித்தது அந்தக் கோவிலுக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி. 12,000 பங்கு மக்களில் 8,500 பேர் அளவில் மாண்டார்கள். அதை எழுதக் கை வரவில்லை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தடை வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவச் சிற்றரசர் ஓமுரா தன் நாட்டில் புத்தக் கோவில்களை அழிக்க விட்டார். அப்படியிருந்தும் பின்னாளில் சொதோமேயில் ஒரு புத்தக் கோவில் தன் பதிவேட்டில் பௌத்தர்களாக இருந்தவர்கள் உண்மையில் ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் என்று தெரிந்தே அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் காத்தது. அங்கே பௌத்தர்களும் கத்தோலிக்கரும் ஒளிந்து வாழ்ந்த மரபினரும் சேர்ந்து ஒரே இடத்தில் முன்னோர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். இதை நம் ஊரில் எல்லோரும் கேட்க வேண்டும்.

தேவசகாயம் பிள்ளையை நான் குறைத்துப் பேசவில்லை. நட்டாலத்து மண்ணில் பிறந்தவள் நான், எனக்கு அது முடியாது. பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, எருமைமேல் ஏற்றி அடித்து இழுத்துச் சென்றபோதும் அசையாமல், 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் குண்டு பட்டு விழுந்தவர் அவர். 2022 மே 15-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நீங்கள் டிவி முன்னால் முழந்தாளிட்டு அழுததை நானும் பார்த்தேன். அவருக்கு வேதம் சொன்ன தெலனாய், 1741-ல் குளச்சல் சண்டையில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி ஆள். அதே கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் நாகசாகித் துறைமுகத்தின் தேஜிமா தீவில் வியாபாரம் மட்டும் செய்துகொண்டு, மதத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

அவர் அசையவில்லை. அது கடவுள் கொடுத்த வரம். அந்த வரம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததா? ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன பேதுருவுக்கே அன்று அது கிடைக்கவில்லையே. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி அத்தாட்சிச் சீட்டு வாங்க வேண்டும் என்றபோது, ஏராளமானவர்கள் விழுந்தார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கலாமா என்று திருச்சபையே இரண்டுபட்டது. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், தவம் செய்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பக்கம்தான் நின்றார். பிறகு தன் உயிரையும் மறைசாட்சியாகக் கொடுத்தார். நீங்கள்தான் எனக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தீர்கள், இது உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்றைக்கும் அதே கதைதான். 2014-ல் ஈராக்கின் மோசுலில் கிறிஸ்தவர் வீட்டுச் சுவர்களில் அடையாளம் எழுதி, மாறு, வரி கட்டு, இல்லை வெளியேறு, இல்லை சாவு என்றார்கள். 2015-ல் லிபியாக் கடற்கரையில் 21 பேர் கழுத்தறுபட்டார்கள். எகிப்திலிருந்தும் கானாவிலிருந்தும் என்னைப் போலப் பிழைக்கப் போன கூலித் தொழிலாளர்கள். நம் நாட்டில் 2008-ல் ஒடிசாவின் கந்தமாலில் ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் மதத்தை விடு என்று ஏழை ஜனங்களை மிரட்டினார்கள். அப்போது நம் பங்கில் வீடு வீடாகத் துணியும் அரிசியும் சேர்த்தவர் நீங்கள். அந்த அரிசியை வாங்கியவர்களில், பிள்ளைகளின் உயிருக்காகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கொடுத்தது வீண் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

என்னோடு ரூமில் இருப்பவள் வியட்நாம் பெண். அவர்கள் நாட்டிலும் சிலுவையைத் தரையில் போட்டுத் தாண்டிப் போகச் சொன்னார்கள். அங்கே மறைசாட்சிகளாக மாண்டவர்களில் 117 பேர் 1988-ல் புனிதர்களானார்கள். தாண்டிய ஒருவர் தன் குடும்பத்தில் உண்டு என்று ஒருநாள் சொன்னாள். அவர் பெயரைச் சொல்லி வீட்டில் வருஷந்தோறும் பூசை வைக்கிறார்களாம். வெட்கப்பட்டு மறைக்கவில்லை.

பாட்டா, தவக்காலம் வருகிறது. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் இப்போதும் நீங்கள்தானே செபம் சொல்கிறீர்கள்? மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் ஸ்தலங்களில் ஆண்டவர் கீழே விழுகிறார். அந்த மூன்று இடத்திலும் உபத்திரவத்தில் விழுந்தவர்களுக்காக ஒரு வேண்டுதல் சேர்த்துச் சொல்லுங்கள். பங்குச்சாமியாரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். நான் ஜப்பானிய மந்திரத்தை எழுதி அனுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள், நம் மனஸ்தாப மந்திரமே போதும்.

அப்புறம், தேவசகாயம் பிள்ளையைத் தெருத்தெருவாக இழுத்துப்போன நாட்களில் நம் குடும்பத்து ஆட்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று உங்கள் பாட்டி ஏதாவது சொல்லியிருந்தால், அதையும் மைனியை எழுதச் சொல்லுங்கள். நல்லதோ கெட்டதோ, கேட்ட மாதிரியே எழுதட்டும்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ரப்பர் வெட்டுக்கு அண்ணனே போகட்டும், நீங்கள் போக வேண்டாம்.

உங்கள் பேத்தி