போரிபந்தர் பி, பூனா பி

தாராவி 90 அடி சாலைக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கும் எங்கள் சொந்தபந்தங்களுக்கும், பழகிப் பழகிச் சொந்தமாகிவிட்டவர்களுக்கும் வணக்கம்.

பள்ளிகளுக்கு இடையிலான ஆங்கிலப் போட்டியில் என் மகளும் அவளோடு ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் கலந்துகொண்டது தெருவுக்கே தெரியும். குழாயடியில் நான் சொல்லாத ஆள் இல்லை. முடிவை மட்டும் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. "நன்றாகத்தான் செய்தார்கள்" என்று மழுப்பிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை பேரை மூன்று மாதம் வேலை வாங்கிவிட்டு அப்படிச் செய்தது முறையில்லை. அதனால் முழுக்கதையும் இங்கே.

போட்டி இரண்டு பகுதி. ஸ்பெல்லிங் தனி ஆளாக. விவாதம் மூவர் அணியாக. ஜூன் மாதம் அறிவிப்பு வந்ததும் நான் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். மூன்று மாதத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் என்றார்கள். "வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் கஷ்டம்" என்றார். பணம் கொடுத்தால் அந்தக் கஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள அவர் தயாராகத்தான் இருந்தார். என்னிடம் பணம் இல்லை. நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பேச வராது.

வீட்டுக்கு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தேன். நான் தைத்துக்கொண்டே வார்த்தைகளை வாசிப்பது, அவள் எழுத்துச் சொல்வது என்று ஏற்பாடு. முதல் நாளே தகராறு. நான் வாசித்த வார்த்தை எது என்றே அவளுக்குப் புரியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவள் சொன்ன எழுத்து எனக்குப் புரியாதது. பி என்றால் எந்தப் பி? தமிழில் இரண்டும் பி தானே. டி என்றால் எந்த டி? அவளுக்கே சில நேரம் குழம்பியது. எழுத்தில் ஒரே ப-வை வைத்துக்கொண்டு வளர்ந்த காது அது.

இங்கேதான் எங்கள் ரயில்வே தாத்தா வந்தார். பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரகரப்பான தொலைபேசியில் எழுத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் தப்பு வராது என்றார். "1853 ஏப்ரல் 16-ஆம் தேதி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரில் புறப்பட்டுத் தாணேக்குப் போனது. அந்த ஒரு பாதையிலேயே உனக்கு ஒரு பி, ஒரு டி கிடைத்துவிட்டது" என்று பிள்ளையிடம் சொன்னார். மிச்சத்துக்குப் பூனாவும் தாதரும். அன்று முதல் எங்கள் வீட்டில் போரிபந்தர் பி, பூனா பி, தாதர் டி, தாணே டி. மூன்று மாதத்தில் நானே நாலு ஸ்டேஷனையும் தூக்கத்தில் ஒப்பிப்பேன்.

அமெரிக்காவில் 1925 முதல் தேசிய அளவில் ஸ்பெல்லிங் போட்டி நடப்பதையும், 1985-இல் பாலு நடராஜன் என்ற பையன் அதில் வென்ற முதல் இந்திய வம்சாவளியினர் ஆனதையும் அவர்தான் சொன்னார். நடராஜன் என்ற பெயரைக் கேட்டதும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாத்தா அதற்காகவே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது நர்ஸ் மைனி. இரவுப் பணி முடித்து வந்து, தூங்கப் போகுமுன் அரை மணி நேரம் எங்கள் படியில் உட்கார்ந்திருப்பார். நோய்ப் பெயர்களை வைத்துக் கிரேக்கம் நடத்தினார் என்றே சொல்ல வேண்டும். காலராவின் 'க' ஏன் சி, ஹெச் என்று வருகிறது, நிமோனியாவுக்கு முன்னால் ஒலிக்காத ஒரு பூனா பி ஏன் சும்மா நிற்கிறது, 'ஐடிஸ்' என்று முடிந்தால் வீக்கம், 'ரியா' என்று முடிந்தால் ஏதோ ஒன்று ஓடுகிறது அல்லது ஒழுகுகிறது. டயரியாவுக்கு இரண்டு ஆர், பின்னால் ஒரு ஹெச். "நிற்காமல் ஓடுகிறதே, ஒரு ஆர் போதுமா?" என்றார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையில் அவள் தப்புச் செய்ததே இல்லை. போட்டியில் வார்த்தையைக் கொடுத்ததும் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது, ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்க அனுமதி உண்டு. மொழி தெரிந்தால் பாதி எழுத்து தெரிந்த மாதிரி என்பதை மைனியின் படிக்கட்டில்தான் புரிந்துகொண்டோம்.

இன்னொரு பெரிய ஆபத்திலிருந்தும் மைனி காப்பாற்றினார். இரத்தசோகைக்கான வார்த்தையை மகள் சொன்னபோது, "நடுவில் ஒரு ஏ விட்டுவிட்டாயே, எங்கள் வார்டு அட்டையில் இருக்கிறதே" என்றார். பார்த்தால், கைப்பேசியில் ஒரு மாதமாக நாங்கள் படித்தது முழுக்க அமெரிக்க எழுத்துமுறை. விதித்தாளில் பிரிட்டிஷ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விதித்தாளை நான் ஒரு முறைகூட முழுதாக வாசித்திருக்கவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஃபுளோரா ஃபவுண்டன் பக்கத்து நடைபாதைப் புத்தகக் கடைக்குப் போனோம். பழைய ஆங்கில அகராதி ஒன்றுக்கு 350 ரூபாய் சொன்னவர் 180-க்குக் கொடுத்தார். அந்தத் தாராள மனத்துக்குக் காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது: இசட் பகுதி முழுவதும் இல்லை. இருந்தாலும் நன்றி ஐயா. இசட் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளையாரிடம் விட்டோம், அவரும் பார்த்துக்கொண்டார். அதே அகராதியில்தான் சுருட்டும் கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகிக் கிடந்த கோலத்தைப் பார்த்து என் மாமியார் சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டிருக்கும். அந்த வார்த்தை மட்டும் வந்தால் கோப்பை நமக்குத்தான் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை.

விவாதத்துக்கு வருகிறேன். கும்பர்வாடாவிலிருந்து வரும் குஜராத்திப் பெண், எங்கள் அண்ணாச்சியின் பையன், என் மகள். எந்தக் கட்சி என்பது மேடையேறும் அரை மணி நேரத்துக்கு முன்பு நாணயம் சுண்டித்தான் தெரியும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் தயாராக வேண்டும். பொங்கல் விழாப் பட்டிமன்றங்களில் நடுவராக உட்காரும் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். "எனக்கு ஆங்கிலம் வராதே அம்மா" என்று தயங்கினார். பிறகு, "சண்டை போட மொழி எதற்கு?" என்று அவரே சமாதானமாகி, மூவரையும் கோயில் திண்ணையில் உட்காரவைத்தார். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) மூன்றாவதான 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்பதைத்தான் நாள்கணக்கில் பழக்கினார். எதிராளி சொன்னதை முதலில் அவரைவிட அழகாக நீ சொல்லு. சொல்லிவிட்டுப் பிறகு இடி. குஜராத்திப் பெண்ணுக்கு அவர் சொன்னதை அண்ணாச்சி மகன் இந்தியில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டாள்.

முதல் சுற்றுத் தலைப்பு முன்பே கொடுத்திருந்தார்கள்: நகரின் நெரிசலான பகுதிக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்க வேண்டும். சிங்கப்பூரில் 1975-இல் தொடங்கியது, லண்டனில் 2003-இல் வந்தது என்று பிள்ளைகள் ஆண்டு ஆண்டாக மனப்பாடம் செய்திருந்தார்கள். அதையெல்லாம் கறுப்பு மஞ்சள் டாக்சி ஓட்டும் எங்கள் மாமாவிடம் ஒப்பித்தபோது அவர் கொதித்துப்போனார். "ஒரு நாளைக்கு நாலு தடவை கோட்டை ஏரியாவுக்குள் போகிறேன், நாலு தடவையும் கட்டணமா? பிறகு உன் அத்தைக்கு நான் என்ன கொடுப்பேன்?" என்று வண்டிச் சாவியை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மூவரும் வாயடைத்துப்போனார்கள். இரண்டு நாள் தேடிக்கொண்டு வந்து என் மகள் சொன்னாள்: "மாமா, உங்கள் கஷ்டம் உண்மைதான். நாள் முழுக்கப் பிறருக்காக ஓட்டுகிறவரிடம் வசூலிப்பது அநியாயம். அதனால்தான் லண்டனில் உரிமம் பெற்ற டாக்சிக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்." மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் நான் உன் கட்சி" என்றார். முதல் சுற்றில் எதிரணி எழுப்பியது கிட்டத்தட்ட மாமாவின் கேள்வியேதான். வென்றோம்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது நேரம் பார்க்க மணி இல்லை. பேச்சின் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எதிரணி குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது; அந்த எல்லைகளில் மணி அடிப்பார்கள். எங்களுக்கு அடித்தது இட்லிக்கார அண்ணனின் சைக்கிள் ஹாரன். காலை வியாபாரம் முடிந்ததும் ஹாரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். மேடையில் உண்மையான மணி அடித்தபோது, ஹாரனை எதிர்பார்த்துப் பழகிய அண்ணாச்சி மகன் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போய் அரை நிமிடம் தாண்டிவிட்டான். அதற்கு மதிப்பெண் குறைந்தது. அண்ணன் மேல் தப்பில்லை.

கணபதி மண்டல் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. விநாயகர் சதுர்த்தியின் பத்து நாளும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை எங்கள் பக்கத்து ஒலிபெருக்கியை அணைத்து வைத்தார்கள். நான் கேட்கக்கூட இல்லை. மருந்துக்கடை அண்ணாச்சி போய்ச் சொல்லியிருக்கிறார்.

இனி முடிவு. விவாதத்தில் அரையிறுதி வரை போனோம்; அங்கே மூன்று நடுவர்களில் இரண்டு பேர் எதிரணிக்குச் சாதகமாகச் சொன்னார்கள். சிறந்த மறுப்புரைக்கான சான்றிதழ் கும்பர்வாடாப் பெண்ணுக்குக் கிடைத்தது. பட்டிமன்றப் பெரியவர் அதைத் தன் சான்றிதழாகவே நினைத்துக்கொண்டு திரிகிறார், திரியட்டும். ஸ்பெல்லிங்கில் கடைசி ஆறு பேரில் ஒருத்தியாக என் மகள் நின்றாள். வந்த வார்த்தை 'சப்பீனா'. நீதிமன்ற அழைப்பாணை. லத்தீன் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள், பொருளும் கேட்டாள். நடுவில் ஒலிக்காமல் ஒரு போரிபந்தர் பி, அதை ஒட்டி ஒரு பூனா பி வர வேண்டும். அவள் இரண்டு பூனா பி போட்டுவிட்டாள். சொன்ன எழுத்தைத் திரும்ப வாங்க முடியாது. சொன்ன அடுத்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த எனக்கும் அவள் தோளைப் பார்த்துத் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் ஒன்றும் பேசவில்லை. சயானில் இறங்கும்போது மட்டும், "தாத்தாவிடம் நானே சொல்கிறேன்" என்றாள். சொன்னாள். அவர் "பூனா வண்டியில் ஏறிவிட்டாயா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வருடத்துக்குப் புதிய நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஹாரனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அகராதி எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. யார் பிள்ளைக்கு வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம், இசட் மட்டும் கேட்காதீர்கள். போட்டிக்கு முந்தின இரவு யாரோ பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு ஒன்று இன்னும் எங்களிடமே இருக்கிறது. மூடியில் வெட்டிய பெயர் தேய்ந்து 'லட்சு' என்பது வரைதான் தெரிகிறது. நம் சந்தில் நாலு லட்சுமி இருக்கிறீர்கள். உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். வெறும் தூக்காகத் தர மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை அதிரசம் சுடுகிறேன்.