நடுவில் விட்டுப்போன வருஷங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சின்னவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நாள் முழுக்கத் தூங்குகிறாள்.

நடிகர்கள் வாழ்க்கையைப் பற்றி நீ அனுப்பிய மூன்று வீடியோவையும் பார்த்தேன். எழுதியது நீ, பேசுவது யாரோ ஒரு பையன். அவனுக்கு ழகரம் வரவில்லை, அதை உங்கள் ஆபீசில் சொல். "எப்படி இருக்கும்மா, நிஜத்தைச் சொல்லு" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியை மறந்துபோவேன். அதனால்தான் கடிதம்.

நன்றாக எழுதுகிறாய் பாப்பா. ஆனால் சிவாஜி, எம்.ஜி.ஆர்., கே.பி.சுந்தராம்பாள் அம்மா, மூன்று பேர் கதையும் எனக்கு ஒரே கதையாகத்தான் தெரிந்தது. முதலில் வறுமை. அப்பா இல்லை, அல்லது ஜெயிலில். சோற்றுக்கு வழியில்லை. பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் என்று ஒரு வரி. அப்புறம் ஒருநாள் யாரோ பார்க்கிறார், படம் வருகிறது, நாடே கொண்டாடுகிறது, பின்னால் வயலின் அழுகிறது. பெயரை மாற்றி ஒட்டினால் யாருக்கும் பொருந்தும். அந்த ஒரு வரிக்குள்தான் இவர்களுடைய பாதி ஆயுசே கிடக்கிறது. மேடையிலேயே கிடந்து வளர்ந்த எனக்கு அதைத் தாண்டிப்போக மனசு வரவில்லை.

சிவாஜியை எடுத்துக்கொள். சின்ன வயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு நடிப்புப் பைத்தியம் பிடித்தது. திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் போய், எனக்கு அப்பா அம்மா இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்தார். இதுவரைக்கும் நீயும் எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் 1952 தீபாவளி, 'பராசக்தி' வந்துவிடுகிறது. நடுவில் பதினைந்து வருஷத்துக்கு மேல் என்ன செய்துகொண்டிருந்தார் அந்தப் பிள்ளை?

சீதை வேஷம் போட்டார். சூர்ப்பனகையும் போட்டார், பரதனும் போட்டார். பாய்ஸ் கம்பெனியில் பெண்பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள், பையன்களுக்குத்தான் சேலை கட்டிவிடுவார்கள். விடிந்தால் பாட்டுப் பாடம், வசனப் பாடம், ராத்திரி நாடகம், ஒரு ஊரில் கூட்டம் குறைந்தால் மூட்டைமுடிச்சோடு அடுத்த ஊர். தன் பாடம் மட்டும் தெரிந்தால் போதாது. கதாநாயக வேஷம் போடுகிற ராஜபார்ட்டுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு யாராவது ஏறியாக வேண்டும், அதனால் எல்லோர் பாடமும் எல்லோருக்கும் வாயில் இருக்க வேண்டும். தப்பு விட்டால் வாத்தியார் பிரம்பு. இதை நான் உயர்த்திப் பேசவில்லை. அந்தக் குழந்தைகள் பட்ட அடியும் பட்டினியும் பாவம்தான். ஆனால் நடந்தது அதுதான்.

மராட்டிய மன்னர் சிவாஜியைப் பற்றி அண்ணா எழுதிய நாடகத்துக்கு வருகிறேன். அந்த வேஷம் முதலில் எம்.ஜி.ஆருக்கு என்று இருந்தது, அவர் போடவில்லை. வசனக் கட்டு கணேசன் கைக்கு வந்தது. சில மணி நேரத்தில் முழுவதையும் மனப்பாடம் செய்து அண்ணாவிடமே நடித்துக் காட்டினார் என்பது ஊரறிந்த கதை. மாநாட்டு மேடையில் அதைப் பார்த்துத்தான் பெரியார் "சிவாஜி" என்று பெயர் கொடுத்தார். நீ இதைப் பிறவி மேதை செய்த அற்புதம் மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் அற்புதம் தெரியவில்லை. நாலு பேர் பாடத்தை ஒரே ராத்திரியில் ஏற்றிப் பழகிய கம்பெனிப் பிள்ளைக்கு அது வேலை. பராசக்தி கோர்ட் சீனில் அத்தனை நீள வசனத்தை இருபத்து நாலு வயதுப் பையன் மூச்சு முட்டாமல் பேசுகிறான் என்றால், எங்கே உடைக்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு அப்புறம் மூச்சைத் திருட வேண்டும் என்பதெல்லாம் கொட்டகையில் படிந்தது. மைக்கை நம்பி நாடகம் நடத்தாத காலம் அது. கடைசி ஆளுக்கும் கேட்டாக வேண்டும், அதே சமயம் கத்தக் கூடாது. சினிமாவுக்கு வந்த பிறகு இது மிகை நடிப்பு என்று சொன்னவர்களும் உண்டு. சில படங்களில் எனக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் குறை சொன்னால் ஞாயமில்லை.

இன்னொன்று. "அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது" என்று எழுதியிருக்கிறாய். அந்த அதிர்ஷ்டத்துக்கு ஒரு பெயர் உண்டு, வேலூர் பி.ஏ.பெருமாள் முதலியார். சக்தி நாடக சபாவில் கணேசன் நூர்ஜகானாக, பெண் வேஷத்தில், நடித்ததைப் பார்த்துவிட்டு இந்தப் பையன்தான் நம் கதாநாயகன் என்று முடிவு கட்டியவர். கூட்டாகப் படம் எடுத்த ஏ.வி.எம். செட்டியாருக்கு நம்பிக்கை இல்லை, ஆளை மாற்றலாம் என்றார். பெருமாள் மாட்டேன் என்று நின்றார். பொங்கலுக்குப் பொங்கல் சிவாஜி வேலூருக்குப் போய் அவர் வீட்டில் மரியாதை செய்துவிட்டு வருவார். அந்த மனுஷன் பெயரை விட்டுவிட்டுக் கதவு தட்டுகிறது, ஜன்னல் தட்டுகிறது என்றால் எப்படி?

எம்.ஜி.ஆர். வீடியோவில் ஒரே ஒரு சொல்லை மாற்று. "1936இல் சதி லீலாவதியில் அறிமுகமாகி விரைவிலேயே கதாநாயகன் ஆனார்" என்று இருக்கிறது. சதி லீலாவதியில் அவர் இன்ஸ்பெக்டர், சின்ன வேஷம். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.எஸ்.பாலையாவும் முகம் காட்டிய முதல் படமும் அதுதான். எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆனது 'ராஜகுமாரி'யில், 1947இல். பதினோரு வருஷம்! நாவலப்பிட்டியில் பிறந்து, அப்பாவை இழந்து, கும்பகோணத்துக்கு வந்து, அண்ணன் சக்ரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த பிள்ளை. முதல் படம் வந்தபோது பத்தொன்பது வயது, கதாநாயகன் ஆனபோது முப்பது. அந்தப் பதினோரு வருஷமும் படத்துக்குப் படம் துண்டு வேஷம். இப்போது சென்னையில் உன் ரூமுக்குப் பக்கத்திலேயே எத்தனை பிள்ளைகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அவர்கள் உன் வீடியோவைப் பார்ப்பார்கள். "விரைவிலேயே" என்று எழுதினால் அவர்கள் இரண்டாவது வருஷத்திலேயே மனசு விட்டுப்போவார்கள்.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன், மகரக்கட்டு. பையன்களுக்குப் பதின்மூன்று பதினாலு வயதில் குரல் உடையும் இல்லையா, அதைத்தான் கம்பெனிக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். அதுவரை பாலபார்ட் என்ற சிறுவர் வேஷம், ஸ்திரீபார்ட் என்ற பெண் வேஷம் என்று மேடையை ஆண்ட பிள்ளை ஒருநாள் காலையில் எழுந்து பாட வாயைத் திறந்தால் தகரம் உரசுகிற சத்தம் வரும். அவ்வளவுதான், வேஷம் போய்விடும். குரல் திரும்ப ஒன்றுசேரும்வரை படுதா இழுக்கலாம், கூட்டத்தோடு சேவகனாக நிற்கலாம். சிலருக்குச் சேரும், பலருக்குச் சேராது. எனக்கு வள்ளி பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அப்படி வந்தவர்தான். கம்பெனியில் ருக்மணி, சீதை எல்லாம் போட்டவர், மகரக்கட்டில் எல்லாம் போயிற்று. அப்புறம் ஹார்மோனியத்தில் உட்கார்ந்தார், எங்களையெல்லாம் உருவாக்கினார். ஒரு கம்பெனியில் ஐம்பது பிள்ளைகள் இருந்தால் ஒருவர் இருவர் பெயர்தான் வெளியே தெரிந்தது. மிச்சப்பேர் எங்கே போனார்கள்? உன் மூன்று வீடியோவிலும் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

புகழ் என்றால் சினிமா ஒன்றுதான் என்கிற நினைப்பும் உன் எழுத்தில் இருக்கிறது. எம்.ஆர்.ராதா 1937இலேயே 'ராஜசேகரன்' படத்தில் நடித்தார். சில படங்களுக்குப் பிறகு மேடைக்கே திரும்பிவிட்டார். திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊராகப் போட்டு, அதற்கு நாடே திரண்ட பிறகுதான் 1954இல் அது படமாயிற்று. அவரைத் தேடிச் சினிமா வந்தது. நம் தெருப் பையன்களும் ரஜினி பஸ்ஸில் விசில் ஊதினார், ஸ்டைலைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூரில் கன்னடப் புராண நாடகத்தில் துரியோதனன் போட்டதையும், சென்னைக்கு வந்து பிலிம் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து படித்ததையும் யார் சொல்கிறார்கள்? கமல் குழந்தை நட்சத்திரம் என்பது எல்லோருக்கும் தெரியும். சினிமா இல்லாத வயதில் அவர் டி.கே.சண்முகம் அண்ணாச்சியின் நாடக சபாவில் இருந்தார். அந்த நன்றிக்குத்தான் 'அவ்வை சண்முகி' என்ற பெயர். அண்ணாச்சி யாரிடம் கற்றார்? ஆறு வயதில், 1918இல், மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம். அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் ஒரே ராத்திரியில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார். நான் ஊர் ஊராகப் போய்ப் போடுகிற வள்ளி திருமணமும் சுவாமிகள் எழுதியதுதான். அப்படிப் பார்த்தால் கமலும் நானும் ஒரே குருவழி! சிரிக்காதே.

இப்போது கே.பி.எஸ். அம்மா. அவர் கட்டிய வெள்ளைப் புடவைக்கு மூன்று நிமிஷம், பாட்டுக்கு அரை நிமிஷம் கொடுத்திருக்கிறாய். அதுதான் எனக்குக் கோபம். கொடுமுடியில் பிறந்து ரயிலில் பாடிக் காசு வாங்கிய குழந்தை என்பார்கள், சரி. இலங்கையில் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தபோதே அவர் பெயரெடுத்த நடிகை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது, உனக்குத் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், மேடையில்தான் முகம் பார்ப்போம். எதிராளி என்ன பாடுவார், தர்க்கத்தில் எந்தக் கேள்வியைப் போடுவார் என்று தெரியாது. எட்டாத சுருதியில் பாடுகிற கிட்டப்பா எதிரில் நிற்க, ஒரு இளம்பெண் விடிய விடிய ஈடுகொடுத்துப் பாடினாள் என்பதைத்தான் நீ சொல்லியிருக்க வேண்டும். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்துபோனார். இந்த அம்மா வெள்ளை கட்டினார். அத்தோடு முடங்கிவிடவில்லையே! 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம். வேதியராக எதிரில் நின்றவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அப்புறம் சட்ட மேலவை, அப்புறம் 1953இல் 'ஔவையார்'. துக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டாய். பொம்பளை கதை என்றால் எல்லோரும் இதையே செய்கிறார்கள். நீயுமா?

அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் பாய்ஸ் கம்பெனி மாதிரி ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தினார், அவர் நாடகம் பார்க்கத் தனி ரயில் விட்டார்கள். கடைசிக் காலத்தில் அவர் மதுரையில் வறுமையில் செத்துப்போனார். அப்படி ஒரு கதையை உங்கள் ஆபீசில் எடுப்பார்களா என்று கேட்டுப்பார். உச்சியில் முடியாத கதைக்கு யார் லைக் போடுவார்கள்!

அடுத்தது மனோரமா ஆச்சி என்று சொன்னாய். அதையாவது அவசரப்படாமல் செய். மன்னார்குடியில் பிறந்து, அம்மாவோடு நம் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து, பன்னிரண்டு வயதில் மேடை ஏறிய பிள்ளை. கோபிசாந்தா என்ற பெயரை மனோரமா என்று மாற்றியது ஒரு நாடக இயக்குநரும் ஒரு ஹார்மோனியக்காரரும். எங்கள் ஹார்மோனிய வாத்தியார்கள் இதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். எஸ்.எஸ்.ராஜேந்திரன் கம்பெனியில் நடித்து, 1958இல் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்கு வந்தார். ஆயிரம் படம், கின்னஸ், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தது என்று எண்ணிக்கையைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிக்கொள். பள்ளத்தூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் இருந்த மேடைகளைப் பற்றிக் கேட்டு எழுது. கல்யாணமாகி, கைக்குழந்தையோடு தனியாக நின்றுகொண்டே அந்தப் பெண் வேஷம் கட்டினாள். விடியற்காலை பஸ்ஸில் அரிதாரம் சரியாகக் கலையாத முகத்தோடு ஊர் திரும்பும்போது ஜனங்கள் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

இங்கே ஆடி வரைக்கும் எனக்கு நாடகம் இருக்கிறது, பெரும்பாலும் அம்மன் கோயில்கள்தான். ஐப்பசி மழையில் சும்மாதான் இருப்பேன், அப்போது நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா. வாத்தியார் திருமயம் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறார். கம்பெனி வாழ்க்கையை நேரில் பட்டவர்கள் இனி அதிகம் பேர் இல்லை. காது மந்தம், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் போனை முகத்துக்கு நேரே நீட்டிவிடாதே, வாயை மூடிக்கொள்வார். முதலில் சீதை பாட்டு ஒன்றைக் கேள். அவர் பாட ஆரம்பித்த பிறகு நீ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். வரும்போது அவருக்கு ஒரு டப்பா பட்டணம் மூக்குப்பொடி வாங்கிவா. இங்கே கிடைப்பது அவருக்குப் பிடிக்கவில்லையாம்.

அன்புடன்,
அம்மா