ரம்புத்தான் மரத்தடியில் நீ கேட்டது

அக்கா,

வியாழக்கிழமை அப்பாவுக்கு ஒரு வருஷம். ஜெபக் கூட்டத்துக்கு வருவேனா என்று சித்தியிடம் சொல்லிக் கேட்டாய். வருகிறேன். போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்த அன்று என்னிடம் நீ சொன்னதை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். நம் சபைக்காரர்களும் இதைப் படிப்பார்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்கிற ஐந்தாம் கற்பனையைப் பற்றி என்பது மட்டும் போதும்.

இந்த ஒரு வருஷமும் எனக்கு அந்த ரம்புத்தான் மரம்தான் நினைவில். எனக்கு ஒன்பது வயது. கூட்டில் புறா முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ஒரே பிடியில் அமுக்கிவிட்டேன். கீழிருந்து நீ கத்தினாய்: "தாயை விட்டுடு! அப்பா வாசிச்சது மறந்துபோச்சா?" உபாகமம் 22. தாய்ப்பறவையைப் போகவிடு, நன்றாயிருப்பாய், உன் நாட்கள் நீடித்திருக்கும். விட்டேன். கையை விரித்த அதே நொடியில் கிளை முறிந்தது.

ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்தில் மருந்து போடும் டிரசரிடம் ஓடினார். நீ பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாய். "சொன்னபடிதானே செஞ்சான், ஏம்ப்பா விழுந்தான்?" அப்பா பதில் சொல்லவில்லை. அதன்பிறகு நீ அவரிடம் எதையுமே கேட்டதில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது, அன்று அடிபட்ட கை இல்லை.

வேதத்தில் அந்த இரண்டு வாக்குறுதியும் ஒரே மாதிரிதான் வருகிறது: பெற்றோரைக் கனம்பண்ணுகிறவனுக்கும், தாய்ப்பறவையை விட்டுவிடுகிறவனுக்கும். ரபிமார் என்னும் யூத வேத போதகர்களின் விளக்கங்களைத் தொகுத்த தால்மூதில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அப்பா சொன்னபடி ஒரு பையன் மேலே ஏறுகிறான், தாய்ப்பறவையை விட்டுவிட்டுக் குஞ்சுகளை எடுக்கிறான், இறங்கும்போது விழுந்து சாகிறான். இரண்டு கட்டளையையும் ஒரே நேரத்தில் கைக்கொண்டவன்! அதைப் பார்த்துத்தான் எலிசா பென் அபூயா என்ற அறிஞர் விசுவாசத்தை விட்டார் என்கிறார்கள். ரபி யாக்கோப் சொன்னது வேறு: அந்த நீண்ட நாட்கள் இங்கே இல்லை, உயிர்த்தெழுதலுக்குப் பிறகு. நீயும் அப்படித்தான் சொல்வாய், தெரியும்.

நான் போனது தப்பு. அப்பா வேண்டாம் என்று சொல்லியும் ஜோகூருக்குப் பஸ் ஏறினேன். ஆனால் தோட்டத்தில் ரப்பர் மரத்தை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை போட்டபின் எனக்கு அங்கே என்ன வேலை? பிழைக்கப் போனேன். மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை நிறுத்திவைத்தவர்களை இயேசு கண்டித்தாரே, மாற்கு 7-ல். கொடுப்பதும் கனம்பண்ணுவதுதான் அக்கா. ஆனால் கடைசி மூன்று மாதம் நான் வரவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீ இருந்தாய். குளிப்பாட்டினாய், ஊட்டினாய், உன் கல்யாணப் பேச்சை நீயே நிறுத்தினாய். யார் கேட்டது? காலில் புண்ணை வைத்துக்கொண்டு, சர்க்கரை மருந்தையும் வாங்காமல், கட்டளை கட்டளை என்று. லேவியராகமம் 18:5-ல் கட்டளைகளின்படி செய்கிறவன் அவற்றால் பிழைப்பான் என்று இருக்கிறது. தால்மூதில் ரபிமார் அதற்குச் சொன்ன அர்த்தம்: அவற்றால் பிழைக்க வேண்டும், அவற்றால் சாகக் கூடாது. உயிர் போகும் என்றால் ஓய்வுநாளையே மீறலாம் என்றார்கள். உனக்கு மட்டும் அது பொருந்தாதா?

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் நம் வீட்டில் என் பங்கை உன் பெயருக்கு மாற்ற வழக்கறிஞரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடனடைப்பது என்று நினைக்காதே. நீ நினைப்பாய்.

புதன்கிழமை இரவே வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை காலை கிளினிக்குக்குப் போக வேண்டும், அட்டையை எடுத்து வை.

தம்பி