உடனடி நிவாரணம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சம்பா அறுவடைக் காலத்தில் நெல் தூசியும் பனியும் டெல்டாவில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை வாட்டுகின்றன. ஆயினும் அவர்களை மருத்துவமனை வரை கொண்டுசெல்வது தூசி மட்டுமன்று. கடந்த ஓராண்டுக்குள் மூச்சுத்திணறலால் உள்நோயாளியாக இருந்த குழந்தைக்கு மீண்டும் அந்நிலை வரும் வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை 'பழகிவிடும்' என்ற அச்சத்தால் நிறுத்திவிட்டு, உடனடி நிவாரணம் தரும் சால்புட்டமாலையே பெற்றோர் பலர் நம்பியிருப்பது ஆபத்தை வளர்க்கிறது. சளிக் காய்ச்சலும் விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் (திண்ணையில் பிடித்தாலும் உள்ளேதான் வருகிறது) அதைக் கூட்டுகின்றன. சிறு குழந்தைக்கு ஸ்பேசர் (இன்ஹேலருடன் பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்) இன்றி இன்ஹேலர் மருந்து கொடுத்தால் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். எனவே, தை பிறக்குமுன்பே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டீராய்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் போதிய அளவில் இருக்கவும், செவிலியர் பயன்பாட்டு முறையைச் செய்துகாட்டவும் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும்.

- வாசகர், மன்னார்குடி